தங்கைக்கு ஒரு தூண்

கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ காரில் போகிறவர்களுக்கு விஜயமங்கலம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? சுங்கச் சாவடிதான் ஞாபகம் வரும். முன்பெல்லாம் அந்த இடத்தில் சில்லறை தேடுவதற்காவது காரை நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது அதற்கும் அவசியமில்லை. கண்ணாடியில் ஒட்டிய சீட்டை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. கட்டை மேலே போகிறது. கார் முன்னே போகிறது. விஜயமங்கலம் பின்னே போய்விடுகிறது.

நானும் அப்படித்தான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த ஊரில் என்னை இறக்கிவிட்டது ஒரு கல்யாணம்.

பெருந்துறையில் நண்பர் வீட்டுக் கல்யாணம். நண்பர் கொங்கு வேளாளர். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் 'இணைச்சீர்' என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்த சகோதரியையும் நிறுத்திச் செய்கிற சீர் அது. கல்யாணம் ஆகப் போவது அண்ணனுக்கு. ஆனால் அந்தச் சிறிது நேரம் மண்டபமே தங்கையைத்தான் பார்க்கிறது. "இன்றைக்கு ஒருத்தி வருகிறாள் என்பதற்காக உன்னை நான் விட்டுவிடவில்லை" என்று அண்ணன் ஊரறியச் சொல்லுகிற மாதிரி இருக்கிறது. சொந்தத் தங்கை இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் வந்து நிற்பாள். இணைச்சீர் இல்லாமல் கல்யாணம் இல்லை.

என் மனைவிக்கு இந்தப் பக்கத்துப் பழக்கம் புதிது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று அண்ணன்மார். மூவரும் கடிதம் கூடப் போடுவதில்லை என்பது தனிக் கதை.

சாப்பாடு முடிந்து ஊர் திரும்பும் போது மணி பத்து கூட ஆகவில்லை. "இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன செய்வது? வழியில் ஏதாவது கோயில் இருந்தால் பார்க்கலாமே" என்றாள்.

"இருக்கிறது. ஆனால் அங்கே உனக்குக் குங்குமமும் கிடைக்காது, புளியோதரையும் கிடைக்காது."

"பின்னே என்னதான் கிடைக்கும்?"

"ஓர் அண்ணன் தங்கை கதை கிடைக்கும்."

அப்புறம் காரை அந்தப் பக்கம் திருப்பாமல் இருக்க முடியுமா?

* * *

நேயர்களும் எங்களோடு வரலாம். கோவையிலிருந்து புறப்பட்டால் அவினாசி தாண்டி, செங்கப்பள்ளி தாண்டி, பெருந்துறைக்கு முன்னால் வருகிறது விஜயமங்கலம். ரயிலில் வருகிறவர்கள் திருப்பூரும், வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியும் தாண்டினால் இந்த ஊர் நிலையத்தில் இறங்கலாம். எல்லா ரயிலும் நிற்காது. அவசரம் இல்லாதவர்கள் ஏறும் ரயில்தான் நிற்கும். இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு அவசரம் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

ஊருக்குள் நாகேசுவரர் கோயில் இருக்கிறது. பெருமாளும் இருக்கிறார். அங்கெல்லாம் வழி கேட்க வேண்டியதில்லை. நாம் போக வேண்டிய இடம் சற்று ஒதுக்குப்புறமாக, மேட்டுப்புதூர் பக்கம் இருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "இங்கே ஜைனக் கோயில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். பாட்டி முழித்தாள். என் மனைவி இறங்கி, "பாட்டி, உயரமாகக் கோபுரம் ஒன்று இருக்குமாமே?" என்றாள்.

"அட, நெட்டைக் கோபுரத்துக்குங்களா அம்மிணி? அப்படிச் சொல்றதுக்கென்ன! இப்படியே போங்க, அதுவே உங்களைக் கூப்பிடும்" என்றாள் பாட்டி.

உண்மைதான். கோபுரமே கூப்பிட்டது. சுற்றிலும் வயலும் வெளியும்; நடுவில் நெட்டையாக நிற்கிறது கோபுரம். பக்கத்தில் கடை இல்லை, தேங்காய் பழத் தட்டு இல்லை, செருப்புக்கு டோக்கன் இல்லை. உள்ளே இருப்பவர் சந்திரப்பிரப தீர்த்தங்கரர். ஜைன சமயத்தின் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களில் எட்டாமவர். பிறைச் சந்திரன் அவருடைய அடையாளம். இந்த இடத்துக்குப் பஸ்திபுரம் என்றும் ஒரு பெயர் உண்டு. கன்னட நாட்டில் ஜைனக் கோயிலை 'பஸதி' அல்லது 'பஸ்தி' என்பார்கள். பெயரே நமக்கு ஒரு துப்பு. இந்தக் கோயிலின் கதையில் பாதி கன்னட நாட்டில் இருக்கிறது.

இது வெறும் கோயிலாக மட்டும் இருந்த இடமல்ல. கல்வெட்டுக்கள் இதை 'வீரசங்காதப் பெரும்பள்ளி' என்கின்றன. சங்காதம் என்றால் துறவிகளின் கூட்டம். அந்தக் கூட்டம் தங்கிய மடமே பெரும்பள்ளி.

* * *

எதுவுமே வேண்டாம் என்று புறப்பட்டவர்களுக்கு மடம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையே கேட்டாள்.

ஜைனத் துறவி எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. திகம்பர முனிவருக்கு உடை கூடக் கிடையாது. கையில் மயிற்பீலி; உட்காரும் இடத்தில் எறும்பு இருந்தால் நோகாமல் விலக்குவதற்கு அது. இன்னொரு கையில் கமண்டலம். படிக்க ஏடு. இவ்வளவுதான் சொத்து. ஒரு நாளைக்கு ஒரு வேளை, நின்றபடி, கையிலேயே வாங்கி உண்பார். வாகனம் ஏற மாட்டார், நடந்துகொண்டே இருப்பார். ஆனால் மழைக்காலம் வந்தால் நடக்கக் கூடாது. ஈரத்தில் முளைக்கும் புல்லும் பூச்சியும் மிதிபடும். ஆகவே நாலு மாதம் ஓர் இடத்தில் தங்கியாக வேண்டும்.

தங்க இடம் கொடுத்தவர்கள் இல்லறத்தார். முதலில் மலைக்குகையைத் திருத்திக் கொடுத்தார்கள். கரூருக்குப் பக்கத்தில் புகழூர் மலையில் இன்றைக்கும் கல்லில் வெட்டிய படுக்கைகளைப் பார்க்கலாம். யாற்றூர்ச் செங்காயபன் என்ற முதிய ஜைனத் துறவிக்காகச் சேர இளவரசன் ஒருவன் வெட்டிக் கொடுத்த இடம் என்று அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. தன் பெயரோடு தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் இளவரசன் எழுதிவைத்ததால், நமக்குச் சேரர் மூன்று தலைமுறை ஒரே இடத்தில் கிடைத்தது. துறவிக்குக் கொடுத்த கல் கட்டில் சரித்திரத்துக்குப் பொக்கிஷமாகிவிட்டது.

ஈரோட்டிலிருந்து காங்கயம் போகும் வழியில் அறச்சலூர் நாகமலையிலும் ஒரு குகை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு அங்கே கண்டெடுத்த கல்வெட்டு உலகத்து அறிஞர்களையே அந்தச் சின்ன மலையைத் திரும்பிப் பார்க்கவைத்தது. வரிசைக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிசையில் 'த, தை, தா, தே' என்று ஆடலுக்குரிய சொற்கட்டு. மேலிருந்து படித்தாலும், கீழிருந்து படித்தாலும், இடமிருந்தோ வலமிருந்தோ படித்தாலும் ஒரே மாதிரி வரும்! எழுத்தைக் கோத்தவன் தேவன் சாத்தன் என்ற மணிவண்ணக்கன். ரத்தினம் பார்த்துச் சோதிக்கிற தொழில்காரன். காங்கயம் பக்கம் ரத்தினக் கல் கிடைப்பது இன்றைக்கும் உண்டல்லவா?

இப்படிக் குகையில் படுக்கை விரித்த இடத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். பள்ளி கொள்வது என்றால் படுப்பது. பிறகு துறவிகள் தங்கும் மடத்துக்கே பள்ளி என்று பேர் வந்தது. ஜைனர்களுக்கு நான்கு தானங்கள் முக்கியம். பசித்தவனுக்குச் சோறு, அஞ்சியவனுக்கு அடைக்கலம், நோயாளிக்கு மருந்து, எல்லோருக்கும் கல்வி. மழைக்கு ஒதுங்கிய முனிவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளியில் கூடியது பள்ளிக்கூடமாயிற்று என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள்.

"ஆக, தினமும் காலையில் 'பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, எழுந்திரு' என்று நான் கத்துகிறேனே, அது..."

"அது இந்த முனிவர்கள் கொடுத்த சொல்லாக இருக்கும்."

"குழந்தை எழுந்திருக்க மட்டும் அவர்கள் ஒரு வழி சொல்லிக் கொடுக்கவில்லையே!" என்றாள் அவள்.

* * *

எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு நின்றார்களா? இல்லை. இந்த விஜயமங்கலத்தில் கொங்குவேளிர் என்ற புலவர் இருந்தார். பழைய கொங்கு நாடு இருபத்துநான்கு சிறு நாடுகளாகப் பிரிந்திருந்தது. அதில் குறுப்பு நாட்டைச் சேர்ந்தது இந்த ஊர். கொங்குவேளிர் இங்கே புலவர்களைக் கூட்டிச் சங்கம் வைத்துத் தமிழ் ஆராய்ந்தார் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அவர் பாடியதே பெருங்கதை.

உதயணன் கதை அது. நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்லுகிறேன். கௌசாம்பி ராஜா உதயணன் யாழ் வாசித்தால் மத யானையும் அடங்கிவிடும். அவனைப் பிடிக்க நினைத்த உஞ்சை நகரத்து ராஜா, பொறி வைத்த யானை ஒன்று செய்து காட்டில் நிறுத்துகிறான். உள்ளே வீரர்கள்! யானை என்று நினைத்துப் போன உதயணன் அகப்பட்டுக்கொள்கிறான். பிடித்தவனோ தன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்றுக்கொடுக்கச் சொல்லி அவனையே ஆசிரியனாக வைக்கிறான். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? ஒரு நாள் வாத்தியாரும் மாணவியும் யானை ஏறி ஓடியே விடுகிறார்கள். தொடர்கதை படிக்கிற நேயர்களுக்கு இதில் ஒரு குறையும் இராது.

குணாட்டியர் பைசாச மொழியில் எழுதிய பிருகத்கதைதான் இதற்கு மூலம். அதைக் கங்க ராஜாவான துர்விநீதன் சம்ஸ்கிருதத்தில் எழுதினான் என்பார்கள். கொங்குவேளிர் அதைத் தமிழாக்கினார். கொங்கு நாட்டுக்கும் கங்க நாட்டுக்கும் அவ்வளவு நெருக்கம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரும் கொங்கு நாட்டு நிரம்பைக்காரர்தான். அவர் தம் உரையில் இந்த உதயணன் கதையை எடுத்துச் சொல்லுகிறார்.

பெருங்கதையைப் பற்றிக் கொங்கு நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. நூலில் குற்றம் கண்டுபிடிக்க வெளியூர்ப் புலவர்கள் வந்தார்களாம். கேள்விமேல் கேள்வி போட்டார்களாம். கொங்குவேளிர் வாயைத் திறக்கவே இல்லை. வீட்டில் வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ பதில் சொல்லு" என்றாராம். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்லி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்! பெருமை கொங்குவேளிருக்கு என்று சொல்லுவார்கள். எனக்கென்னவோ பெருமை அந்தப் பெண்ணுக்குத்தான் என்று தோன்றுகிறது. பெரும்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் அடுப்பூதுகிறவள் காதிலும் தமிழ் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

இந்தப் பெருங்கதையை 1924-ல் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே. சாமிநாதையர். கிடைத்த ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. நடுவில் இருந்ததைக் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்றிக் கொடுத்தார் அந்த சைவ அந்தணர்.

பக்கத்திலேயே, பெருந்துறையை ஒட்டி, சீனாபுரம் என்று ஓர் ஊர். அங்கே ஆதிநாதர் கோயில் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவார்கள். மூன்றாம் குலோத்துங்க சோழனுக்குக் கீழிருந்த சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள எழுதியது நன்னூல். எண்ணூறு வருஷங்களாகத் தமிழ்ப் பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சைவப் பெரியோரான சங்கர நமசிவாயரும் சிவஞான முனிவரும் அதற்கு உரை கண்டார்கள். ஆறுமுக நாவலர் அச்சிட்டார். "எழுதினவர் எந்த சமயம்?" என்று யாரும் நூலை மூடிவைக்கவில்லை.

பவணந்தியார் காலத்திலேயே, கடல் கடந்து இத்தாலியில், அஸிஸி என்ற ஊரில் பிரான்சிஸ் என்பவர் தகப்பனாரின் ஜவுளிச் செல்வத்தையெல்லாம் உதறிவிட்டு யாசிக்கப் புறப்பட்டார். அவர் பின்னே சென்ற துறவிகளும் எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றே விரதம் பூண்டார்கள். 1226-ல் அவர் காலமானார். 1228-லேயே அவருக்குப் பிரம்மாண்டமான ஆலயம் எழும்பத் தொடங்கிவிட்டது! எனக்கு வீடு வேண்டாம் என்றவருக்குத்தான் உலகம் பெரிய வீடாகக் கட்டுகிறது. விஜயமங்கலமானாலும் அஸிஸியானாலும் மனுஷ்ய சுபாவம் ஒன்றுதான்.

* * *

"அண்ணன் தங்கை கதை என்றீர்களே?" என்று நினைவூட்டினாள் என் மனைவி.

வந்துவிட்டோம். கோயிலின் மண்டபத்துத் தூண்களைப் பாருங்கள். அவற்றில் ஒரு தூணில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இது சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பையின் நிசீதிகை என்பது அதன் பொருள். உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தவர்களுக்காக வைக்கும் நினைவுச் சின்னத்துக்கு நிசீதிகை என்று பெயர்.

யார் அந்தச் சாமுண்டராயர்? சிரவணபெளகுளத்துக்குப் போனவர்களுக்கு அவரைத் தெரியும். விந்தியகிரி உச்சியில், ஒரே கல்லில், 57 அடி உயரத்துக்குக் கொடி படர்ந்த காலோடு நிற்கிறாரே கோமடேசுவரர், அவரை அங்கே எழுப்பியவர் இவர்தான். கங்க ராஜாக்களான மாரசிம்மனுக்கும் ராசமல்லனுக்கும் மந்திரியாகவும் சேனாபதியாகவும் இருந்தவர். வாளெடுத்த கையாலேயே எழுத்தாணியும் எடுத்து, 978-ல் கன்னடத்தில் சாமுண்டராய புராணம் எழுதியவர். 981-ஐ ஒட்டிக் கோமடேசுவரருக்குப் பிரதிஷ்டை நடந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அங்கே மகாமஸ்தகாபிஷேகம் நடக்கிறது. கடைசியாக 2018-ல் நடந்தது.

அப்படிப்பட்டவரின் தங்கை கொங்கு நாட்டுக்கு வந்து, இந்தப் பெரும்பள்ளியில் உண்ணாநோன்பு நோற்று உயிர் நீத்தாள். இந்த நோன்புக்குச் சல்லேகனை என்று பெயர். அவசரத்தில், ஆத்திரத்தில் செய்வதல்ல. முதுமையாலோ தீராத நோயாலோ இனி இந்த உடம்பு தர்மத்துக்கு உதவாது என்று தெரிந்தபின், குருவின் அனுமதி பெற்று, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் மன்னித்து, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் விடுவது. சாமுண்டராயரின் ராஜாவான மாரசிம்மனே பங்காபுரத்தில் இப்படித்தான் உயிர் நீத்தான். சிலப்பதிகாரத்தில் கண்ணகியையும் கோவலனையும் மதுரைக்கு அழைத்துப் போன கவுந்தியடிகள், கோவலன் மாண்ட சேதி கேட்டு உண்ணாநோன்பிருந்துதான் மறைகிறார்.

இது சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 2015-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தடுத்தது. அதே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. நீதிபதிகள் யோசிக்கிற விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டுப் பெண் இந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் ஒரு பிடி குறைத்து உண்டாள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். பட்டுச் சேலை, பல்லக்கு, பணிப்பெண்கள் எல்லாம் எங்கோ காவேரிக்கு அப்பால் இருந்திருக்கும்.

என் மனைவி தூணைப் பார்த்தாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நன்றாயிருக்கிறதே நியாயம்! அண்ணன் மலைமேல் 57 அடிக்குச் சிலை வைப்பான். உலகமே போய்ப் பார்க்கும். தங்கைக்கு ஒரு தூண்! அதிலும் அண்ணன் பேரைச் சொல்லித்தான் அவள் பேரைச் சொல்ல வேண்டுமா?"

காலையில் இணைச்சீர் பார்த்த சூடு ஆறவில்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனால் நானும் கொஞ்சம் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"விந்தியகிரியில் சாமுண்டராயர் தம்மைப் பற்றி எத்தனை வரி எழுதிவைத்தார், தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒரு புராணமே எழுதியிருப்பார்."

"இல்லை. சிலையின் கால்பக்கத்தில், சாமுண்டராஜன் செய்வித்தான் என்று ஒரே ஒரு வரி. அதைக் கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்."

"தமிழிலா?" அவள் முகம் மாறியது.

"ஆமாம். இங்கிருந்து தமிழ்நாட்டார் அங்கே போவார்கள் என்று தெரிந்துதான் வெட்டிவைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கும் ஒரு வரி, தங்கைக்கும் ஒரு வரி. அண்ணன் வரி, அவன் என்ன செய்தான் என்று சொல்லுகிறது. தங்கை வரி, அவள் எங்கே எல்லாவற்றையும் விட்டாள் என்று சொல்லுகிறது. கணக்குப் பார்த்தால் எதை எழுதுவது கஷ்டம்?"

அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மலையில் ஒரு கிழவி கூட இருக்கிறாள், இல்லையா?" என்று கேட்டாள்.

இருக்கிறாள். கோமடேசுவரருக்கு முதல் அபிஷேகம் செய்தபோது சாமுண்டராயர் குடம் குடமாகப் பாலை ஊற்றினாராம். பால் தொடைக்குக் கீழே இறங்கவே இல்லையாம். அப்போது ஓர் ஏழைக் கிழவி, ஒரு காயைக் குடைந்து அதில் துளிப் பால் கொண்டுவந்தாள். கூட்டம் சிரித்தது. ஆனால் அவள் ஊற்றிய பால் தலையிலிருந்து கால் வரை வழிந்து, மலையையும் நனைத்ததாம்! சேனாபதியின் கர்வம் அன்றோடு போயிற்று என்று முடிகிறது கதை. குள்ளகாயஜ்ஜி என்று அந்தக் கிழவிக்குப் பெயர். கோமடேசுவரருக்கு எதிரே, கையில் அந்தக் காயோடு, இன்றும் கற்சிலையாக நிற்கிறாள்.

பெரிய சிலை எழுப்பிய மனிதரின் கதையில் இப்படி இரண்டு பெண்கள். ஒருத்தி கொஞ்சமாகக் கொடுத்தாள்; இன்னொருத்தி எல்லாவற்றையும் விட்டாள். ஒருத்தி அண்ணாந்து பார்க்கும் இடத்தில் நிற்கிறாள். இன்னொருத்தியை யாரும் பார்க்க வருவதில்லை.

* * *

பெரும்பள்ளி பிறகு என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி ராஜா 1538-ஐ ஒட்டி யாசகத் துறவிகளின் மடங்களை ஆணை போட்டு மூடினான். பல மடங்களின் கூரையிலிருந்த ஈயத்தைக் கூட உருக்கி விற்றுவிட்டார்கள். இங்கே நடந்தது வேறு மாதிரி. கங்கர்கள் போனார்கள். ராஜாக்களின் ஆதரவு வேறு பக்கம் திரும்பியது. தேவாரமும் திருவாய்மொழியும் ஊரெல்லாம் ஒலித்தன. ஜைனக் குடும்பங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. திங்களூரில் புஷ்பநாதர், பூந்துறையில் பார்சுவநாதர், வெள்ளோட்டில் ஆதிநாதர் என்று கொங்கு நாட்டில் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். கும்பிட வேண்டிய குடிகள்தான் இல்லை. இன்றைக்குத் தமிழ் ஜைனர்கள் பெரும்பாலும் வட மாவட்டங்களில், திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கங்களில் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது.

ஆனாலும் நெட்டைக் கோபுரம் நிற்கிறது. உள்ளே இருப்பவர் யார் என்று சரியாகத் தெரியாத ஊர்ஜனங்கள் இத்தனை தலைமுறையாக 'அமணீசர்' என்று ஒரு பேர் வைத்து, ஈசுவரன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அமணர் என்றால் ஜைனர். இப்போது தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன்பெல்லாம் பார்த்துக்கொண்டது ஊரின் நல்ல மனசுதான்.

திரும்பும்போது அந்தப் பாட்டி இன்னும் அங்கேயே ஆட்டோடு நின்றாள். "பாத்தீங்களா அம்மிணி? சாமி எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"சாமியையும் பார்த்தோம் பாட்டி, உள்ளே ஒரு அம்மாவையும் பார்த்தோம்" என்றாள் என் மனைவி. தூணில் எழுதியிருக்கும் விஷயத்தை அவளுக்குத் தெரிந்த மட்டும் சொன்னாள். பாட்டி கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எல்லாத்தையும் வுட்டுப்போட்டு இங்க வந்து கண்ணை மூடுனாளாக்கும்! அண்ணன்காரன் வந்து பாத்தானுங்களா?"

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லுவேன்? "அண்ணன் பேரைக் கல்லில் போட்டிருக்கிறதே, பாட்டி. வராமலா இருந்திருப்பான்?" என்றேன்.

"அப்பச் செரி. சீரு செஞ்சிட்டான்" என்றாள் பாட்டி, மனசு ஆறியவளாக.

என் மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் கல்யாண மண்டபத்தில் பார்த்த இணைச்சீரும், ஆயிரம் வருஷத்துத் தூணும் பாட்டியின் ஒரு வார்த்தையில் சேர்ந்துவிட்டன.

அடுத்த தடவை சுங்கச் சாவடியில் கட்டை மேலே போகும்போது, நேயர்களே, நேரே போகாமல் கொஞ்சம் ஒதுங்குங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். தேங்காய் பழம் வாங்க வேண்டாம். தூணுக்கு முன்னே நின்று அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள், போதும். புள்ளப்பை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தன் பெரிய அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வரியில் முடியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.